டேராடூனில் இரண்டு நாள்

சனி, ஞாயிறு விடுமுறை கிடைத்தால் டில்லிவாசிகள் பலர் டேராடூனில் இறங்கிய சூட்டோடு மசூரிக்கு வண்டியைத் திருப்புகிறார்கள். சுமார் 35 கிலோமீட்டர் மலைப்பாதைதான். ஆனால் கோடை வார இறுதியில் அங்கே கார்கள் ஊர்ந்துதான் போகும். பாதி விடுமுறை வண்டிக்குள்ளேயே கரைந்துவிடும்.

டேராடூனையே பார்த்தால் என்ன?

1906-இல் தொடங்கிய வன ஆராய்ச்சி நிறுவனத்தின் செங்கல் மாளிகைக்கும் அதைச் சூழ்ந்த மரங்களுக்கும் ஒரு காலைப்பொழுது போதாது. (திறந்திருக்கும் நாளை முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.) மறுநாள் கால்சி. சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், யமுனைக்கு அருகே, அசோகரின் கட்டளைகளைச் சுமந்த பாறை நிற்கிறது. அதில் ஒரு யானை உருவமும் உண்டு. மசூரியின் மால் ரோட்டில் ஸ்வெட்டர் பேரம் பேசுவதைவிட இது எவ்வளவோ மேல்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்திய நில அளவைத் துறையின் தலைமையகம் டேராடூனில்தான் உள்ளது. இந்தியாவை அளந்தபடி இமயம்வரை நீண்ட பெரும் முக்கோண அளவீட்டுக்கு 1802-இல் நில அளவையாளர் லாம்டன் அடிக்கோடு அளந்தது சென்னையின் பரங்கிமலைப் பக்கம்!

ஜூலை, ஆகஸ்டில் மழையும் நிலச்சரிவும் மிரட்டும். அக்டோபர், நவம்பரில் கிளம்புங்கள். மசூரியை, மூன்று நான்கு நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கும்போது வைத்துக்கொள்ளலாம்.