பாதி பாட்டில் தண்ணீர்



காலையில் பையில் வைத்த தண்ணீர் பாட்டில், மாலை வீடு திரும்பும்போது பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறதா? தாகம் எடுக்காமலா இருந்திருக்கும்? குடித்தால் பாத்ரூம் போக வேண்டுமே என்ற பயம்தானே!

சிலருக்குப் போக இடமில்லை என்ற பயம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்களைத் திரட்டிய விஜி, உட்காரும் உரிமைக்கு முன்பே கேட்டது கழிப்பறையைத்தான். 2018-ல் கேரளத்திலும், 2021-ல் நம் தமிழ்நாட்டிலும் கடை ஊழியர்கள் உட்காரச் சட்டம் வந்துவிட்டது. சுத்தமான கழிப்பறை எல்லாக் கடையிலும் இருக்கிறதா?

இன்னும் சிலருக்கு, அடக்க முடியாதே என்ற பயம். இதைத்தான் நாம் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. திடீரென்று முட்டிக்கொண்டு வரும். ஓடிப்போய்ச் சேர்வதற்குள் சில சொட்டுகள் கசிந்துவிடும். இரவில் தூக்கம் கெடும். சிறுநீர்ப்பை நிறைவதற்கு முன்பே அதன் தசை தானாகச் சுருங்குவதுதான் பெரும்பாலும் காரணம். ‘ஓவர்ஆக்டிவ் பிளாடர்’ என்கிறார்கள் மருத்துவர்கள்.

2006-ல் வெளியான ஓர் ஆய்வில், கனடாவிலும் நான்கு ஐரோப்பிய நாடுகளிலும் 19,000 பேருக்கு மேல் விசாரித்தார்கள். பெண்களில் சுமார் 13 சதவிகிதம் பேருக்கு இந்தத் தொல்லை இருந்தது. எட்டுப் பெண்களில் ஒருவர்! அந்த ஒருவர் யாரென்று பக்கத்து சீட் தோழிக்கே தெரியாது.

வீட்டில் மட்டும் தெரியுமா என்ன? ஊருக்குப் போகும் வழியில் காரை இரண்டாம் முறை நிறுத்தச் சொன்னால், “இப்பத்தானே போன?” என்ற முகச்சுளிப்பு. அதற்குப் பயந்தே கல்யாணம், கோயில் என்று ஒவ்வொன்றாகத் தவிர்ப்பவர்கள் நம்மில் உண்டு. “பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று அம்மாவும் மாமியாரும் சொல்லிவிடுவார்கள். அப்படி இருந்தே தீர வேண்டியதில்லை தோழிகளே!

தண்ணீரைக் குறைப்பது தீர்வாகாது. சிறுநீர் அடர்த்தியானால் பை எரிச்சலாகி இன்னும் அடிக்கடி வரும். குறைக்க வேண்டியது காபி, டீயை. மலச்சிக்கல் இருந்தால் அதையும் கவனியுங்கள். கிளம்பும்போதெல்லாம் ‘எதற்கும் ஒருமுறை’ என்று போய்வரும் பழக்கமும் வேண்டாம். கொஞ்சம் சேர்ந்ததுமே அவசரப்படுத்தப் பை பழகிவிடும்.

அவசரம் வந்ததும் ஓடாமல், நின்று, சிறுநீரை நிறுத்துவதுபோல அடித்தசைகளை இறுக்கிப் பிடியுங்கள். அவசரம் தணிந்ததும் நிதானமாகப் போங்கள். இடைவெளியைப் பத்துப் பதினைந்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டே வந்தால் சில வாரங்களில் மாற்றம் தெரியும். ஆனால், ஷிஃப்ட் முடியும்வரை மணிக்கணக்கில் அடக்குவது பயிற்சி அல்ல, உடம்புக்குச் செய்யும் கொடுமை.

அதிலும் சரியாகாவிட்டால் மாத்திரைகள் இருக்கின்றன. யூரின் இன்ஃபெக்‌ஷனும் சுகரும்கூட இப்படித்தான் காட்டும் என்பதால், முதலில் டெஸ்ட் எடுத்துவிடுவது நல்லது. எப்போது, எத்தனை முறை போனீர்கள் என்று மூன்று நாள் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, மகப்பேறு மருத்துவரிடமோ சிறுநீரியல் மருத்துவரிடமோ போங்கள். அங்கே வெட்கப்பட்டு, “அடிக்கடி வருது டாக்டர்” என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கசிவதையும் சொல்லுங்கள்.