ஓர் அழுத்தில் பல படங்கள்

கோடை விடுமுறையில் சொந்த ஊருக்குப் புறப்படும் குடும்பங்கள் பலவற்றின் பெட்டியில் சிறிய டிஜிட்டல் கேமரா ஒன்றும் இடம்பெறுகிறது. அதில் தொடர்பதிவு என்னும் வசதி உண்டு. பொத்தானை ஒருமுறை தட்டினால் ஒரு படம். விடாது அழுத்திப் பிடித்தாலோ, நொடிக்குச் சில படங்கள் அடுத்தடுத்துப் பதிவாகும். பெரியவர்கள் சிலருக்கு இவ்வசதி பிடிப்பதில்லை. ஒரு சுருளில் 36 படங்களே எடுக்க முடிந்த காலத்தில் கண்ணும் கையும் சேர்ந்து உழைத்தன, இன்று விரல் மட்டுமே உழைக்கிறது என்பது அவர்கள் குறை. அதில் உண்மை உண்டு; ஆயினும் குற்றம் கருவியுடையதன்று.

தொடர்ந்து படமெடுக்கும் எண்ணம் புதியதன்று. பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்னும் ஐயம் கலிபோர்னியாவைச் சேர்ந்த லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு என்னும் செல்வருக்கு இருந்தது. 1878ஆம் ஆண்டில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் ஓடுபாதையின் ஓரத்தில் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தினார். பாதையின் குறுக்கே கட்டிய இழைகளைக் குதிரை மோதிச் செல்லச் செல்ல, ஒவ்வொரு கேமராவும் ஒரு படம் எடுத்தது. நான்கு கால்களும் எழுவது உண்மையே என்று தெரிந்தது. ஆனால், ஓவியர்கள் காலங்காலமாக வரைந்தது போல் முன்னும் பின்னும் கால்களை நீட்டியிருக்கும்போது அன்று. அவை வயிற்றின் கீழ் மடங்கியிருக்கும்போதுதான்! எதைக் காண வேண்டும் என்பதை மைபிரிட்ஜ் முன்னரே அறிந்திருந்தார். கேமராக்கள் அதன் பிறகே வந்தன.

இன்றைய சிறு கேமராவுக்கும் அம்முன்னறிவு வேண்டும். குளத்தில் குதிக்கும் அண்ணனைப் படமெடுக்க விரும்புபவர், அவன் கால் கரையை விட்டு எழுந்தபின் பொத்தானைத் தேடினால் நீர்த்திவலைதான் கிடைக்கும். அவன் குதிக்கும் இடத்தை நோக்கிப் பொத்தானைப் பாதி அழுத்தித் தெளிவை நிலைப்படுத்திக்கொண்டு, அவன் குனியும்போதே முழுதும் அழுத்த வேண்டும். மிக முன்னதாகவும் அழுத்தலாகாது. தற்காலிக நினைவகம் நிரம்பியதும் கேமரா மூச்சுவாங்கி நின்றுவிடும். பெரும்பாலான சிறு கேமராக்களில் தொடர்பதிவின்போது மின்னொளி எரியாது. ஆகவே மாலை விளக்கொளியில் ஓடியாடும் குழந்தைகள் மங்கலாகவே பதிவாவர்.

இவ்வசதியின் சிறந்த பயன் விளையாட்டில் அன்று, பாட்டியிடத்தில்தான் உள்ளது. 'படம்' என்னும் சொல்லைக் கேட்டதும் பாட்டிமார் பலர் முகத்தை இறுக்கிக்கொள்வர். எடுத்தாயிற்று என்று எண்ணிய பிறகே சிரிப்பர். விரலை இன்னும் ஒரு நொடி எடுக்காதிருந்தால் அச்சிரிப்பும் கிடைத்துவிடும்.

கிடைத்ததைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் சோம்புகின்றனர். ஒரே சிரிப்புக்கு இருபது படங்கள் நினைவக அட்டையில் கிடக்கின்றன. அவற்றுள் நல்லது எதுவென அன்றிரவே அமர்ந்து பார்த்து, மற்றவற்றை நீக்குவதற்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. பாட்டியையும் அருகில் அமர்த்திக்கொண்டால் தேர்வு இன்னும் எளிதாகும். அவ்வேலையைத் தள்ளிப்போடுபவர் கேமராவில், ஊரைவிட்டுத் திரும்பும் நாளன்று, இரயில் நகரத் தொடங்கித் தாத்தா நடைமேடையில் நின்று கையசைக்கும் வேளையில், இடமில்லை என்னும் அறிவிப்பு தோன்றும்.