யட்சன் கேட்கிற கேள்விகள்

‘ஏரி பார்க்க இமயமலைக்கா? நம்ம செம்பரம்பாக்கத்துல இல்லாத தண்ணியா சார்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் செம்பரம்பாக்கத்துக்கு பஸ் போகிறது. மலை ஏரிக்குக் கால்தான் போகும். காலையில் கிளம்பி, மூச்சிரைக்க ஏறி, பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும்.

உத்தராகண்டில் ஊக்கிமட் பக்கத்தில் சாரி என்று ஒரு கிராமம். (முழங்காலிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிற பெயர்!) அங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டர் ஏறினால் தேவ்ரியா தால். தால் என்றால் இங்கே ஏரி, பருப்பு இல்லை. உயரம் சுமார் 2,400 மீட்டர். நம் ஊட்டியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். காற்று அசையாத காலை நேரத்தில் போனால், 7,138 மீட்டர் சௌகம்பா சிகரம் தலைகீழாகத் தண்ணீருக்குள் நிற்கும். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று டீ குடித்துக்கொண்டிருந்தால் மேகம் வந்து கடையைச் சாத்திவிடும்.

மகாபாரதத்து நச்சுப் பொய்கை இதுதான் என்கிறார்கள் அந்தப் பக்கத்து ஜனங்கள். கதை தெரியுமே... தாகத்தோடு வந்த நகுலன், சகாதேவன், அர்ஜுனன், பீமன் நாலு பேரும் யட்சனின் கேள்வியை அலட்சியம் பண்ணிவிட்டுத் தண்ணீரைக் குடித்தார்கள், விழுந்தார்கள். தருமர் மட்டும் நின்று பதில் சொன்னார், தம்பிகளையும் மீட்டார்.

யட்சன் இன்னும் ரிட்டையர் ஆகவில்லை. மலை ஏரிக்குப் போகிற எல்லோரையும் சில கேள்விகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

முதல் கேள்வி: ‘எத்தனை மணிக்குத் திரும்புவாய்?’

கிளம்பும் முன்பே இதற்குப் பதில் வேண்டும். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, ஈரக் காற்று மேலே போய் மேகமாகிறது. மதியத்துக்கு மேல் மழையும் இடியும் வருவது அதனால்தான். சீக்கியர்களின் புனிதத் தலமான ஹேம்குண்ட் ஏரிக்கரையில் ராத்திரி தங்க அனுமதி கிடையாது. குருத்வாராவில் சுடச்சுடக் கிச்சடியும் டீயும் கொடுத்து, பிற்பகலிலேயே எல்லோரையும் கீழே அனுப்பிவிடுகிறார்கள். பக்தியோடு கடிகாரத்தையும் சேர்த்துப் பார்க்கிற இடம்.

இரண்டாம் கேள்வி: ‘தலை வலிக்கிறதா?’

‘லேசாத்தான்... ஒரு மாத்திரை போட்டா சரியாயிடும்’ என்பது தப்பான விடை. காங்காரியாவிலிருந்து ஹேம்குண்டுக்கு சுமார் 6 கிலோமீட்டர். அதற்குள் 1,000 மீட்டருக்கு மேல் ஏற்றம். ஏரி இருப்பது 4,000 மீட்டருக்கும் மேலே. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் சுமார் 60 சதவிகிதம்தான். சென்னையில் ரயிலேறி நாலைந்து நாளில் அங்கே போய் நின்றால் உடம்பு ‘என்னய்யா இது?’ என்று கேட்காதா? தலைவலி, குமட்டல், தள்ளாட்டம்... எது வந்தாலும் முதல் மருந்து இறங்குவதுதான். குதிரையில் போனாலும் இதே கதை. குதிரை உங்கள் முழங்காலைத்தான் காப்பாற்றும். நுரையீரலுக்கு ஜாமீன் கொடுக்காது.

மூன்றாம் கேள்வி: ‘நீந்தத் தெரியுமா?’

இதில் சூழ்ச்சி இருக்கிறது. தாமிரபரணியில் எதிர்நீச்சல் போட்டவராக இருக்கலாம். பனி உருகிய தண்ணீரில் திடீரென்று குதித்தால், நாம் கேட்காமலேயே உடம்பு ‘ஹா’வென்று மூச்சை இழுக்கும். தலை அப்போது தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது காற்றல்ல. கொஞ்ச நேரத்தில் கை காலும் சொன்ன பேச்சைக் கேட்காது. ஹேம்குண்டில் பக்தர்கள் கரையோரமாக ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, பல் தந்தியடிக்க ஏறிவிடுகிறார்கள். அது புண்ணியம். நடு ஏரி வரை போய்த் திரும்புகிறேன் என்பது வேறு கணக்கு.

நாலாவது: ‘பையில் என்ன?’

புளியோதரை இருக்கட்டும், தப்பில்லை. கூடவே ஸ்வெட்டர், மழைக்கோட்டு, டார்ச், தண்ணீர் இருக்கிறதா? திரும்பும்போது அதே பையில் உங்கள் பிளாஸ்டிக் பாட்டிலும் சிப்ஸ் கவரும் இருக்கிறதா? பதில் இல்லாவிட்டால் யட்சன் உங்களை விழத்தட்ட மாட்டான். ஏரிதான் மெல்ல மெல்ல விழும்.

‘உலகத்திலேயே பெரிய ஆச்சரியம் எது?’ என்றும் தருமரிடம் கேட்டான் யட்சன். தினம் தினம் பிறர் சாவதைப் பார்த்தும், தான் மட்டும் நிரந்தரம் என்று மனுஷன் நினைப்பதுதான் என்றார் அவர்.

மலைப்பாதையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முகம் வெளிறி, இரண்டு பேர் தாங்கலில் ஒருவர் இறங்கி வருவார். ஏறுகிற கூட்டம் ஒதுங்கி வழிவிட்டு, ‘பாவம், யாரோ’ என்று சொல்லிவிட்டு, வலிக்கிற தலையைத் தடவிக்கொண்டே மேலே போகும்.

ஏரி எங்கேயும் போய்விடாது. அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும். நாமும் இருக்கவேண்டும், அவ்வளவுதான்!