கடைத்தெருவும் காவல் நிலையமும்



விலைவாசி, வரி, எடைக்கல் முத்திரை, உரிமம் புதுப்பித்தல் என்று வழக்கமாக எழுதுகிற இந்தப் பக்கத்தில் இம்முறை வேறொன்றை எழுத வேண்டியிருக்கிறது. தனி மனித சுதந்திரம் என்று தலைப்பிட்டிருந்தால், "அது வக்கீல்களும் கட்சிக்காரர்களும் பேசுகிற பேச்சு, நமக்கெதற்கு?" என்று நம்மில் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். புரட்டுவதற்கு முன் 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் ஜூன் 19-ஆம் தேதி போலீசார் காவல் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். ஊரடங்கில் குறித்த நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்தது என்பது சொல்லப்பட்ட காரணம். கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட இருவரில் மகன் 22-ஆம் தேதி இரவும், தகப்பனார் 23-ஆம் தேதி காலையும் இறந்து போனார்கள். ஊரடங்கு உத்தரவை மீறியதற்கு அன்றிருந்த தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவில் எவ்வளவு கடுமையாகப் பார்த்தாலும் ஆறு மாதச் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நம்மவர் கட்டியதோ இரண்டு உயிர். மதுரை உயர்நீதிமன்றக் கிளை தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. சி.பி.ஐ. விசாரித்து ஒன்பது போலீசார் மேல் குற்றப் பத்திரிகை தாக்கல் செய்தது.

அந்த வாரம் மாநிலமெங்கும் வணிகர் அமைப்புகள் கொதித்து எழுந்தன. கடைகள் அடைக்கப்பட்டன. ஷட்டரைப் பத்து நிமிஷம் தாமதமாக இறக்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அது நம் வீட்டில் விழுந்திருக்க வேண்டிய இடி என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. கோபம் நியாயமானது. அதில் இரண்டு கருத்து இல்லை.

ஆனால் ஒரு கேள்வியை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் நடந்தபோது

1992-ஆம் ஆண்டு. இடம், நம் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகர் காவல் நிலையம். திருட்டு விசாரணை என்று அழைத்துச் செல்லப்பட்ட ஏழைத் தொழிலாளி ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. அவரைத் தேடிப் போன மனைவிக்கு அந்தக் காவல் நிலையத்திலேயே நேர்ந்த கொடுமையை இங்கே எழுதக் கை கூசுகிறது. கீழவீதியிலிருந்தும் மேலவீதியிலிருந்தும் அந்த இடம் எத்தனை தூரம்? சைக்கிளில் போகிற தூரம்.

அடுத்த ஆண்டு, 1993 மார்ச். விருத்தாசலம் பக்கத்து முதனை கிராமத்து ராஜாக்கண்ணு. ஒரு வீட்டில் நகை காணாமல் போனது என்று கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். "தப்பி ஓடிவிட்டார்" என்று வீட்டாருக்குப் பதில் சொன்னார்கள். அவர் தப்பவில்லை, செத்துப் போயிருந்தார். அவர் மனைவி சென்னை உயர்நீதிமன்றம் வரை போய் ஆட்கொணர்வு மனுப் போட்டார். அன்று அந்த அம்மாவுக்காக வாதாடிய வழக்கறிஞர் சந்துரு பின்னாளில் அதே நீதிமன்றத்தின் நீதிபதியானார். குற்றம் செய்த போலீசார் தண்டிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் வழக்கு முடிவதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 2021-இல் 'ஜெய் பீம்' என்று படமாக வந்தபோதுதான் நம் பிள்ளைகளில் பலர், "இது நம் மாவட்டத்தில் நடந்ததா அப்பா?" என்று கேட்டார்கள்.

இந்த இரண்டு வழக்கிலும் தெருவில் இறங்கிப் போராடியவர்கள் இடதுசாரி இயக்கத்தினரும் மாதர் அமைப்பினரும். நாம் ஒரு நாளாவது கடைக் கதவை இழுத்து மூடினோமா? இதை எழுதுகிற நமக்கு அப்படி ஒரு நாள் நினைவில் இல்லை. திருப்பாதிரிப்புலியூர் கடைவீதியில் வழக்கம்போல வியாபாரம் நடந்தது. செத்தவர் நம் ஆள் இல்லை, "திருட்டுக் கேஸ்" என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தது, அத்தோடு சரி. பழனியாண்டி வீட்டுக் கூரை எரிந்தால் நமக்கென்ன என்று இருந்தோம். 2020-இல் நெருப்பு நம் தெருவுக்கு வந்தபோது அலறினோம்.

நம் கல்லாவிலிருந்து தொடங்குகிற கதை

இன்னும் ஒரு படி மேலே போய் உண்மையைச் சொல்ல வேண்டும். 1992-இலும் 1993-இலும் விசாரணை தொடங்கியது திருட்டில். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமாரை அடித்தே கொன்றதும், காரில் இருந்த நகையைக் காணோம் என்ற புகாரில்தான். புகார் கொடுக்கிறவர் யார்? பொருள் உடையவர். நகை உள்ளவர், சரக்கு உள்ளவர், கல்லா உள்ளவர். அதாவது நம்மைப் போன்றவர்.

பல வருஷங்களுக்கு முன் நடந்தது. நமக்கு மிகவும் வேண்டிய மளிகைக் கடைக்காரர் ஒருவர். இரவு கணக்குப் பார்க்கும்போது எட்டாயிரத்துச் சொச்சம் குறைந்தது. அன்று கல்லாப் பக்கம் நின்றவன் கடைப்பையன் ஒருவன். முதலாளி தெரிந்த ஏட்டையாவிடம் சொன்னார். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. "கேஸெல்லாம் வேண்டாம், கூட்டிப் போய் நாலு தட்டு தட்டி விசாரித்து விடுங்கள்" என்றார். நாமும் பக்கத்தில்தான் நின்றோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் சிட்டையைப் பேரேட்டோடு ஒத்துப் பார்த்தபோது, முதல் நாள் மல்லி மூட்டை இறக்கிய மண்டிக்காரருக்குக் கைரொக்கமாகக் கொடுத்தது பற்று எழுதாமல் விட்டுப் போயிருந்தது. பையன் அன்று மாலை திரும்பி வந்தான். இரண்டு கையையும் தூக்க முடியவில்லை. சம்பள பாக்கியைக் கூடக் கேட்காமல் ஊருக்குப் போய்விட்டான். அவன் செத்துப் போகவில்லை என்பது நம் புண்ணியம் அல்ல, அதிர்ஷ்டம்.

இப்படி ஒரு கதை நம் கடைவீதியில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று இருக்கும். சொல்ல மாட்டோம், அவ்வளவுதான்.

பருப்புக்கு இருக்கிற நீதி

உணவுப் பாதுகாப்பு அதிகாரி துவரம்பருப்பை மாதிரி எடுக்க வந்தால் நாம் என்ன செய்கிறோம்? நான்கு பாகமாகப் பிரிக்கச் சொல்கிறோம். முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். நம் செலவில் ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்கிறோம். அறிக்கை வந்து, அதற்கு மேல்முறையீடும் பார்த்த பிறகுதான் பருப்பு குற்றவாளியா இல்லையா என்று ஒப்புக்கொள்கிறோம். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நாம் கேட்பதும் முறைதான்.

ஒரு கிலோ பருப்புக்கு இவ்வளவு முறை வேண்டும் என்கிற நாம், ஒரு மனிதனைப் பிடித்துப் போகும்போது எந்த முறையும் கேட்பதில்லை. அவனுக்கும் சட்டத்தில் முறை இருக்கிறது. எதற்காகக் கைது என்று சொல்ல வேண்டும், அவன் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு சொல்கிறது. டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் விளக்கமாகவே சொன்னது. கைது செய்கிற இடத்திலேயே குறிப்பு எழுத வேண்டும். வீட்டாரில் ஒருவரோ அல்லது அந்தப் பகுதியில் மதிக்கத்தக்க ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவர் பார்க்க வேண்டும். ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யாமல், தேவை உண்டா என்று பார்த்து, முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது 2014-ஆம் ஆண்டு அர்னேஷ் குமார் வழக்கின் தீர்ப்பு. காவல் நிலையம் முழுவதும் கேமரா வைக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் வேறொரு தீர்ப்பு வந்தது.

"அந்தப் பகுதியில் மதிக்கத்தக்க ஒருவர்" என்பது யார்? ஊரில் போலீசார் சாட்சிக்கு முதலில் கூப்பிடுவது கடைக்காரரைத்தான். மகஜரில் கையெழுத்து, பறிமுதல் பட்டியலில் கையெழுத்து என்று நம்மைத் தேடி வருகிறார்கள். "வெற்றுத் தாளில் போட்டுக் கொடுங்கள், பிறகு எழுதிக்கொள்கிறோம்" என்றால், கடையில் கூட்டமாயிருக்கிறது, வம்பு வேண்டாம் என்று போட்டுக் கொடுத்து விடுகிறோம். வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டு யாரிடமாவது கொடுப்போமா? ஆயிரம் ரூபாய்க்கே கொடுக்க மாட்டோம். ஆனால் ஒருவன் வாழ்க்கையை நிரப்பிக்கொள்ளும்படி வெற்றுத் தாளைக் கொடுக்கிறோம்.

"போலீஸ் இல்லாமல் வியாபாரம் செய்ய முடியுமா?"

முடியாது. இதை நாம் மறைக்கவில்லை. பூட்டை உடைக்கிறவன், மாமூல் கேட்டு மிரட்டுகிறவன், சரக்கு வாங்கிக்கொண்டு போலிச் செக் கொடுக்கிறவன் எல்லாரும் இருக்கிற உலகத்தில் காவல் துறை நமக்கு அவசியம். மழையிலும் வெயிலிலும் ஆருத்ரா தரிசன நெரிசலிலும் நின்று பாதுகாக்கிற நல்ல காவலர்களை நாம் அறிவோம். சாத்தான்குளம் வழக்கிலும் உண்மையைத் துணிந்து சொன்னவர் அதே நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் ஒருவர்தான்.

நாம் சொல்வது வேறு. அடி வாங்கி ஒப்புக்கொண்டவன்தான் திருடன் என்றால், உண்மைத் திருடன் ஊருக்குள் நிம்மதியாகத் திரிகிறான். அடித்து வாங்கிய வாக்குமூலம் நீதிமன்றத்தில் நிற்பதும் இல்லை. போன பொருளும் வருவதில்லை. வியாபாரக் கணக்கில் பார்த்தாலும் இது நஷ்டக் கணக்கு.

இதை ஒரு கட்சியின் தலையில் போட்டுவிட்டுப் போகவும் முடியாது. 1992, 1993, 2020-இல் அ.தி.மு.க. ஆட்சி. 2025 ஜூனில் தி.மு.க. ஆட்சி. எதிர்க்கட்சியாக இருக்கும்போது கண்ணீர் விடுகிறவர்கள் ஆளும்போது அறிக்கை விடுகிறார்கள். நெருக்கடி நிலையின்போது, உயிர் வாழும் உரிமையைக் கேட்டுக் கூட நீதிமன்றம் போக முடியாது என்று 1976-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 1978-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தித்தான் அந்த உரிமையை எந்த நெருக்கடியிலும் பறிக்க முடியாததாக்கினார்கள். அதற்கும் முன்பு, 1918-இல், புதுவையிலிருந்து வெளியே வந்த பாரதியாரைப் பிடித்து மூன்று வாரத்துக்கு மேல் அடைத்து வைத்தது நம் கடலூர் சிறையில்தான். ஆட்சி மாறும்போது பலகையில் பெயர் மாறுகிறது. லத்தி தானாக மாறுவதில்லை. கேட்கிற ஆள் இருந்தால்தான் மாறும்.

நாம் செய்யக் கூடியது

பெரிய தீர்மானம் ஒன்றும் வேண்டாம். கடலூர், சிதம்பரம் அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்தில் நான்கு காரியங்களை ஒப்புக்கொண்டால் போதும்.

முதலாவது, கடையில் பணமோ சரக்கோ குறைந்தால் முதலில் சிட்டையையும் பேரேட்டையும் ஒத்துப் பார்ப்போம். அதன் பிறகும் சந்தேகம் இருந்தால் எழுத்தில் புகார் கொடுப்போம், முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குவோம். அது இலவசம், நம் உரிமை. "தட்டி விசாரியுங்கள்" என்ற சொல் நம் வாயில் வராது.

இரண்டாவது, நிரப்பாத தாளில் எந்த அங்கத்தினரும் கையெழுத்துப் போட மாட்டார். கண்ணால் பார்த்ததற்கு மட்டும் சாட்சி. சங்கமே இப்படி முடிவு செய்திருக்கிறது என்றால் தனி ஆளுக்குத் தயக்கம் இருக்காது.

மூன்றாவது, நம் தெருவிலிருந்து யாரை அழைத்துப் போனாலும், முதலாளியானாலும் மூட்டை தூக்குகிறவரானாலும் தள்ளுவண்டிக்காரரானாலும், ஒரு மணி நேரத்துக்குள் சங்க நிர்வாகிகள் இருவர் நிலையத்துக்குப் போய் மரியாதையாக விவரம் கேட்பார்கள். சண்டைக்கு அல்ல. வெளியே இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் உள்ளே நடப்பது மாறும்.

நான்காவது, விலைப்பட்டியல் பலகைக்குப் பக்கத்தில் ஒரு வழக்கறிஞரின் எண்ணும், இலவச சட்ட உதவி எண் 15100-ம் எழுதி மாட்டுவோம். வாடிக்கையாளருக்கும் உதவும்.

சாத்தான்குளத்துக்காகக் கதவடைத்தது நம் கடமை. ஆனால் நம் கடைப்பையனுக்காகவும் ஒரு மணி நேரம் காவல் நிலைய வாசலில் உட்கார்ந்தால்தான் அந்தக் கதவடைப்புக்கு அர்த்தம். தராசில் ஒரு தட்டு நமக்கு, ஒரு தட்டு மற்றவனுக்கு. முள் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அன்று கை தூக்க முடியாமல் ஊருக்குப் போன பையனின் சம்பள பாக்கி இன்னும் வரவு வைக்கப்படாமல்தான் இருக்கிறது.