மூன்று விநாடி மௌனம்

வானொலியில் நாங்கள் அதிகம் பயப்படுவது தப்பான உச்சரிப்புக்கு அல்ல, மௌனத்துக்கு. பாட்டு முடிந்து, விளம்பரமும் வராமல், மைக்கும் திறக்காமல் மூன்று விநாடி போனால் போதும், நிலையத்துக்குள் இருப்பவர்களுக்கு வியர்த்துவிடும். வீட்டில் கேட்பவர் “என்னாச்சு?” என்று யோசிப்பதற்குள் அவர் கை வேறு அலைவரிசைக்குப் போயிருக்கும்.

போன தீபாவளிக்கு முன்பு, அதே மூன்று விநாடி மௌனத்தை ஃபேரர் பார்க்கில் ஒரு வீவக வீட்டுச் சமையலறையில் பார்த்தேன்.

எங்கள் புளோக்கில் ஓர் அக்கா இருக்கிறார். அலுவலக வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே முறுக்கு, அதிரசம், ஓமப்பொடி செய்து விற்கிறார். ஆரம்பத்தில் எல்லாம் வாட்ஸ்அப் ஆர்டர்தான். கணக்கு குழம்ப ஆரம்பித்ததும், குறைந்த கட்டணத்தில் ஓர் இணையத்தளம் போட்டுக்கொண்டார். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒருநாள் என்னை நிறுத்திக் கேட்டார்:

“தம்பி, என் கைப்பக்குவம் போயிடுச்சா? நிறைய பேர் உள்ளே வர்றாங்கன்னு கணக்கு காட்டுது. ஆர்டர் மட்டும் வரமாட்டேங்குது.”

முறுக்கைச் சாப்பிட்டுப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. பிறகு கைத்தொலைபேசியில் தளத்தைத் திறந்தேன். வெள்ளைத் திரை. அக்கா அடுப்பில் ஓர் ஈடு முறுக்கைத் திருப்பிப் போட்டு முடித்தபோதுதான் முகப்புப் பக்கம் வந்து சேர்ந்தது. வந்தவர்கள் முறுக்கை வேண்டாமென்று சொல்லவில்லை. முறுக்கை அவர்கள் பார்க்கவே இல்லை.

மென்பொருள் துறையில் இருக்கும் நண்பன் ஒருவனைக் கூப்பிட்டோம். அவன் கணினியில் குரோமைத் திறந்து, எஃப்12 விசையை அழுத்தி, ‘நெட்வொர்க்’ என்ற பகுதியைக் காட்டினான். முதல் வரியிலேயே விஷயம் இருந்தது. சர்வர் பதில் தருவதற்கு மட்டும் மூன்று விநாடிக்கு மேல். படங்கள் இறங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

இதைப் புரிந்துகொள்ள பெக் கியோ சந்தைக்குப் போனால் போதும். காப்பிக் கடையில் நாம் ‘கோப்பி ஓ’ என்று சொன்னதிலிருந்து கடைக்காரர் கோப்பையை நீட்டும்வரை ஆகும் நேரம் ஒன்று. அதை மேசைக்குக் கொண்டுவந்து குடிக்க ஆகும் நேரம் வேறொன்று. முதலாவதுதான் சர்வரின் பதில் நேரம்: நாம் கேட்டதிலிருந்து முதல் பைட் வந்து சேரும்வரை ஆகும் நேரம். அது வராமல் எழுத்தோ படமோ விலையோ எதுவும் வராது. கூகல் தரும் வழிகாட்டுதலின்படி இது 0.8 விநாடிக்குள் இருந்தால் நல்லது.

மனிதர்களின் பொறுமைக்கும் கணக்கு உண்டு. கணினிப் பயன்பாட்டை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1993-இல் மூன்று எல்லைகளைச் சொன்னார். 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 விநாடிவரை நம் சிந்தனை அறுபடாது. 10 விநாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். கைத்தொலைபேசி வந்த பிறகு பொறுமை இன்னும் குறைந்துவிட்டது. ஒரு பக்கம் திறக்க 3 விநாடிக்கு மேல் ஆனால், கைத்தொலைபேசி வழி வருபவர்களில் 53 விழுக்காட்டினர் விலகிவிடுகிறார்கள் என்று 2016-இல் கூகல் சொன்னது. வானொலிக்காரர்களின் அதே மூன்று விநாடி!

அக்காவின் தளத்தில் நண்பன் கண்ட கோளாறுகள் மூன்று.

முதலாவது, தூரம். மலிவாகக் கிடைத்த அந்தச் சர்வர் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகும். இங்கிருந்து அங்கே சுமார் 14,000 கிலோமீட்டர். போய்த் திரும்பவே குறைந்தது 0.14 விநாடி. ஆனால் ஒரு பக்கம் திறக்க ஒருமுறை போய்வந்தால் போதாது. தொடர்பு ஏற்படுத்த ஒரு நடை, பாதுகாப்புச் சாவி மாற்றிக்கொள்ள ஒன்றிரண்டு நடை, பக்கத்தைக் கேட்க ஒரு நடை. ஃபேரர் பார்க்கில் இருப்பவர் கீழ்வீட்டு முறுக்கை வாங்க, அவரது விண்ணப்பம் பசிபிக் கடலை மூன்று நான்கு தடவை கடந்துகொண்டிருந்தது. அரை விநாடி அதிலேயே காலி. ஒப்பிட்டுப் பாருங்கள்: 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே போடப்பட்ட ஐ2ஐ கடலடிக் கம்பிவடத்தின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர்தான். அதில் ஒளி போய்த் திரும்ப 0.03 விநாடி போதும்.

இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சமைப்பது. யார் வந்தாலும் அந்தத் தளம் தகவல்தளத்தைத் திறந்து, பெயர், விலை, படம் எல்லாவற்றையும் தேடிக் கோத்து, பக்கத்தை முதலிலிருந்து தயாரித்தது. முறுக்கு விலை வாரத்துக்கு ஒருமுறைகூட மாறுவதில்லை. பரோட்டாக் கடையில் ஆள் வந்த பிறகா மாவு பிசைகிறார்கள்?

மூன்றாவது, கூட்டம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று சேர்த்த இருபதுக்கும் மேற்பட்ட செருகுநிரல்கள். அவற்றில் பாதியை அக்கா பயன்படுத்தியதே இல்லை. ஆனாலும் பக்கம் திறக்கும்போதெல்லாம் அத்தனையும் எழுந்து வேலை செய்தன.

ஒரு சனிக்கிழமையில் வேலை முடிந்தது. முதலில் தளம் முழுவதற்கும் ஒரு பிரதி எடுத்து வைத்தான். பிறகு சர்வரைச் சிங்கப்பூரிலேயே உள்ள தரவு நிலையத்துக்கு மாற்றினான். தேவையற்ற செருகுநிரல்களை நீக்கினான். பழைய பிஎச்பி பதிப்பைப் புதுப்பித்தான். ஒருமுறை தயாரித்த பக்கத்தை எடுத்துவைத்து அடுத்தவருக்கும் அதையே கொடுக்கும் ‘கேஷ்’ வசதியைப் போட்டான்.

அங்கே ஓர் எச்சரிக்கையும் சொன்னான். கூடை, முகவரி, பணம் செலுத்தும் பக்கங்களை ஒருபோதும் இப்படி எடுத்துவைக்கக் கூடாது. வைத்தால் ஒருவரின் வீட்டு முகவரி இன்னொருவரின் திரையில் தெரிந்துவிடும். வேகத்துக்காக அந்த ஆபத்தை யாரும் விலைக்கு வாங்க வேண்டாம்.

தமிழில் தளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் 1 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள்; ஆக 15 பைட். எனவே தமிழ்ப் பக்கம் பெருத்துப்போகும் என்று தோன்றும். ஆனால் எல்லாத் தமிழ்க் குறியீடுகளின் முதல் பைட்டும் ஒன்றே. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவது எளிது. சர்வரில் ‘ஜிசிப்’ சுருக்கம் இயங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, நம் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது, அதில் தமிழையும் தெரியவைத்தவர். ‘கணியன்’ அவருடைய உழைப்பு. தமிழ் இணைய மாநாடுகளுக்குத் தொடக்கமான 1997 ‘தமிழ்நெட்’ கூட்டமும் நம் ஊரில்தான் நடந்தது. 28.8 கேபிபிஎஸ் மோடம் காலம் அது. 100 கிலோபைட் இறங்கவே 28 விநாடி ஆகும். அப்போது மக்கள் காத்திருந்தார்கள், திரையில் தமிழ் தெரிவதே அதிசயமாக இருந்ததால். இன்று தமிழில் எவ்வளவோ தளங்கள் இருக்கின்றன. வெறும் வெள்ளைத் திரைக்காக யாரும் காத்திருப்பதில்லை.

அக்காவின் தளத்தில் இப்போது அரை விநாடிக்குள் பதில் வருகிறது. போன தீபாவளிக்கு முந்தைய வாரம் ஆர்டர்களை இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டியிருந்தது. எல்லாம் வேகத்தால்தான் என்று சொல்லமாட்டேன். முறுக்கு நன்றாக இருந்ததும் காரணம். ஆனால் அது நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முதலில் பக்கம் திறக்க வேண்டுமே!

இந்த வாரயிறுதியில் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் குடும்பக் கடையோ, சங்கமோ, நண்பரின் துணிக்கடையோ, அதன் தளத்தை வீட்டு வைஃபையில் அல்லாமல், எம்ஆர்டி ரயிலில் கைத்தொலைபேசியில் திறங்கள். வாய்விட்டு எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குள் ஓர் எழுத்துகூட வரவில்லை என்றால், அவர்களிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள். திறக்கும்வரை காத்திராமல் போன வாடிக்கையாளர் அதைச் சொல்வதற்குத் திரும்பி வரமாட்டார்.