கொப்பு நறுக்கும் யந்திரம் யாருக்கு வேண்டும்?

பாசிக்குடா, கல்குடா ஆகிய கரையோரப் பகுதிகளின் வளவுகள் பெரும்பாலும் மணல் நிலமாகும். மணலானது இட்ட பசளையையும் பெய்த மழையையும் தன்னிடத்தே தங்கவிடாது. இத்தகைய நிலத்துக்கு உக்கிய குழையும் ஓலையுமே உயிர் எனலாம். ஆயினும் கோடையில் மாலைதோறும் வளவுகளில் எழும் புகையைப் பாருங்கள். மண்ணுக்குச் சேரவேண்டியதே அங்கு எரிகின்றது.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது கூட்டெருவைப் பற்றிய பேச்சு நாடெங்கும் எழுந்தது. அவ்வாண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. எனினும் பின்னர் ஏற்பட்ட விலையேற்றத்தால் கூட்டெருவின் தேவை குறையவில்லை. கொப்பு நறுக்கும் யந்திரம் வாங்கலாமா என்னும் வினாவும் இதனோடு சேர்ந்து வருகின்றது. வளவுக்கு ஒரு யந்திரம் வாங்குவது வீண் செலவு என்பதும், பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து நல்ல யந்திரமொன்றை வாங்குவதே தகும் என்பதும் என் கருத்தாகும்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு தென்னை ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 12 முதல் 14 ஓலைகளைக் கழிக்கும். இருபது தென்னையுள்ள வளவில் 240 முதல் 280 ஓலைகள் விழும். அவற்றிற் பல கிடுகுக்கும் வேலிக்கும் அடுப்புக்கும் போய்விடும். எஞ்சியவற்றை நறுக்குவதற்கு ஆண்டிற் சில நாட்களே போதும். மற்றைய நாட்களில் யந்திரம் கொட்டிலிற் கிடந்து கடற்காற்றிலே துருப்பிடிக்கும்.

வேலியிலுள்ள சீமைக்கிளுவைக்கு, அதாவது கிளிரிசீடியாவுக்கு, யந்திரமே வேண்டியதில்லை. அதன் குழை நைதரசன் மிகுந்தது. நிலத்திற் பரப்பினாற் சில வாரங்களிலே உக்கிவிடும். இளங்கொப்புகளைக் கத்தியாற் கொத்தினாற் போதும். மா, வேம்பு, மரமுந்திரிகை ஆகியவற்றின் கொப்புகளுக்கே யந்திரம் உண்மையில் உதவும்.

தென்னோலையின் காரியம் வேறு. விற்பவர்கள் மென்மையான, நேரான தடியொன்றை உள்ளே விட்டு, அது துண்டுதுண்டாக வெளிவருவதைக் காட்டுவார்கள். பச்சை ஓலையை விட்டுக் காட்டுமாறு கேளுங்கள். அதன் நார் அறுபடாமல் அச்சிலே நூல்போற் சுற்றிக்கொள்ளும். சுழலும் தட்டிற் கத்தி பூட்டிய சிறு யந்திரங்கள் காய்ந்த கொப்புக்கு ஏற்றவை. ஈரக் குழையில் அடைத்துக்கொள்ளும். மெதுவாகச் சுழலும் பல்லுருளை யந்திரம் இரைச்சல் குறைந்தது, தடியை நன்றாக நொறுக்கும். ஆனால் நாரை நசுக்கித் தொங்கவிடும். ஓலை மிகுந்த வளவுகளுக்கு அகன்ற வாயும், கத்தியுடன் சம்மட்டிபோல் அடிக்கும் இரும்புத் துண்டுகளும் உடைய யந்திரமே பொருந்தும். அதற்கும் ஓலையை நன்றாகக் காயவிட்டு, அடிமட்டையைத் தறித்து நீக்கிய பின்னரே கொடுத்தல் வேண்டும்.

இத்தகைய யந்திரத்தை வீட்டு மின்சாரத்தில் ஓடும் இரண்டு மூன்று கிலோவாற்று மோட்டரால் இயக்குவது கடினம். எங்கள் மாவட்டத்தில் நெற்செய்கை செய்வோரிடம் இருசில்லு உழவு யந்திரங்கள் பல உள்ளன. அவற்றுடன் பட்டி பூட்டி ஓட்டத்தக்க நறுக்கும் யந்திரத்தைக் கமக்காரர் அமைப்பொன்று வாங்கினால், எஞ்சினுக்கெனத் தனிச்செலவு இல்லை. பட்டிக்கு இரும்பு மறைப்பு இருத்தல் அவசியம்.

குதிரைவலுவைக் கேட்பவர்கள் கத்தியைப் பற்றிக் கேட்பதில்லை. கத்தியைக் கழற்றித் தீட்டலாமா, மறுபுறம் திருப்பிப் பூட்டலாமா, மாற்றுக்கத்தி மட்டக்களப்பு நகரிற் கிடைக்குமா என்பவற்றை முதலில் அறிதல் நன்று. மணலில் இழுத்துவந்த ஓலையை உதறாமற் கொடுத்தால், எவ்வளவு சிறந்த கத்தியும் விரைவில் மழுங்கும். வேலை முடிந்ததும் கத்தியைத் துடைத்து எண்ணெய் பூசவேண்டும், தேங்காயெண்ணெயும் ஆகும்.

விலையைவிடப் பெரியது விரலாகும். வாய்க்குழாய் கையின் நீளத்தைவிடக் குறுகியதாயின் அந்த யந்திரத்தை வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாயினும் சரியே. நிற்பவரின் கைக்கெட்டும் இடத்தில் நிறுத்தும் விசை இருத்தல் வேண்டும். சாரமும் தோளிற் சால்வையுமாக அருகிற் செல்வது ஆபத்து. அடைத்துக்கொண்டால் எஞ்சினை நிறுத்தி, பட்டியைக் கழற்றி, சுழற்சி முற்றாக நின்ற பின்னரே கையை வைக்கவேண்டும். பிள்ளைகளை அவ்விடத்துக்கு விடவே கூடாது.

நறுக்கிய மரத்துண்டுகளை உடனே மண்ணோடு கலப்பது தவறு. அவை உக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். அவற்றை மண்ணின்மேல் மூடாக்காக இடலாம். அல்லது கிளிரிசீடியாக் குழையும் மாட்டெருவும் சேர்த்துக் குவியலாக்கலாம். குவியலைக் கிளறாது விட்டால் தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு அதிலே முட்டையிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டி, வெண்ணிறப் புழுக்களைக் கண்டாற் பொறுக்கிக் கோழிகளுக்குப் போடலாம்.

வடகீழ்ப் பருவமழை ஐப்பசியளவிற் தொடங்கும். ஓலை காய்ந்திருக்கும் புரட்டாதிக்குள் நறுக்கி முடித்துவிட்டால், குவியலுக்கு நீர் இறைக்கும் வேலை மிச்சமாகும்.