துருவுக்குக் கம்பெனி பெயர் தெரியாது

"போலீஸ்காரர் இடுப்புல இருக்கிற துப்பாக்கி வெடிக்கவா போகுது?" என்று கம்பத்தில் ஒரு டீக்கடையில் யாராவது கேட்டால் சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். மறுத்துப் பேச ஆள் இருக்காது. வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு, அவசரத்துக்கு எடுத்தால் சிக்கிக்கொள்ளும் என்பது நம் ஊரில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். அதன் மறுபாதியும் கூடவே வரும்: கிளாக் மாதிரி நல்ல வெளிநாட்டுப் பிஸ்டலாக வாங்கிக் கொடுத்துவிட்டால் கவலை விட்டது. டீக்கடையோடு இந்த நம்பிக்கை நின்றிருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். மானியக் கோரிக்கை விவாதத்திலும் நாளிதழ்ச் செய்தியிலும் இதே நம்பிக்கைதான் ஓடுகிறது. "காவல்துறைக்கு நவீன ஆயுதங்கள் வழங்கப்பட்டன" என்று ஒரு வரி வந்துவிட்டால் வேலை முடிந்ததாக எல்லோரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

பழசு என்றால் சிக்கும், புதுசு என்றால் சிக்காது என்ற இந்த எண்ணம் பொய். இது ஆளைக் கொல்லும் பொய்.

சிரிப்புக்குக் காரணமான காட்சியிலிருந்தே தொடங்கலாம். 2019 ஆகஸ்டில் பீகார் முன்னாள் முதல்வர் ஜெகந்நாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கு சுபவுல் மாவட்டத்தில் அரசு மரியாதையுடன் நடந்தது. வரிசையில் நின்ற போலீஸார் வானத்தை நோக்கித் துப்பாக்கியைத் தூக்கி விசையை இழுத்தார்கள். ஒன்றுகூட வெடிக்கவில்லை. அந்த வீடியோ நாடெங்கும் சுற்றியது, பார்த்தவர்கள் எல்லோரும் துப்பாக்கியைத் திட்டினார்கள். கொஞ்சம் நின்று யோசித்திருக்க வேண்டும். ஒரு துப்பாக்கி வெடிக்காவிட்டால் அந்தத் துப்பாக்கியைச் சந்தேகிக்கலாம். இருபதுக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் ஒரே நிமிடத்தில் ஊமையானால், அத்தனைக்கும் பொதுவாக இருந்தது எது என்று பார்ப்பதுதான் முறை. பொதுவாக இருந்தது தோட்டா. அத்தனை ரைபிளும் சேர்ந்து ஒரே நாளில் பழுதாகாது. ஈரம் ஏறிய, நாள்பட்ட தோட்டாப் பெட்டி ஒன்று போதும், வரிசை முழுவதையும் வாயடைக்க. அந்தக் கைகளில் அன்றைக்குப் புத்தம் புது ரைபிள்களைக் கொடுத்து அதே தோட்டாவைப் போட்டிருந்தால் வேறு என்ன நடந்திருக்கும்?

பழசின் மீதான பழியும் அப்படித்தான். .303 ரைபிளை உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தோடு ஓய்வு கொடுத்து அனுப்பியது. இரண்டு உலகப் போர்களின் சேற்றிலும் மணலிலும் வெடித்த ரைபிள் அது. ஒவ்வொரு ரவுண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும் என்பதால் இந்தக் காலத்துக்கு அதன் வேகம் போதாது. ஓய்வு கொடுத்தது நியாயம். ஆனால் "வெடிக்காது" என்ற பழி அதற்குப் பொருந்தாது.

பிஸ்டலுக்கு வருவோம். நம் இன்ஸ்பெக்டர்களும் எஸ்.ஐ.க்களும் நெடுங்காலமாகக் கட்டியிருப்பது மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ரைபிள் ஃபேக்டரியில் செய்த 9 எம்.எம். ஆட்டோ பிஸ்டல் 1ஏ. இது யாரோ குடிசைத் தொழிலாகச் செய்த சரக்கு இல்லை. ஜான் பிரவுனிங் தொடங்கி, பெல்ஜியத்தில் டியூடோனே சேவ் முடித்து, 1935இல் வெளிவந்த ஹை-பவர் பிஸ்டலின் வாரிசு. இரண்டாம் உலகப் போரின்போது கனடாவின் இங்லிஸ் கம்பெனி செய்த மாதிரியை ஒட்டியது. மேகஸினில் 13 ரவுண்டு பிடிக்கும். பல நாட்டு ராணுவங்கள் பல பத்தாண்டுகள் நம்பிய வடிவம் இது. பெல்ஜியக் கம்பெனி தன் பழைய ஹை-பவர் தயாரிப்பை நிறுத்தியதே 2018இல்தான். வடிவத்தில் குறை இருந்தால் இத்தனை காலம் ஓடியிருக்காது.

அப்படியானால் நம் கைக்கு வந்ததும் ஏன் அதற்குக் கெட்ட பெயர்? ஒரு பிஸ்டல் ஆண்டுக்கு முப்பது ரவுண்டு சுடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது ஆண்டில் 600 ரவுண்டு. போட்டிக்குத் தயாராகும் துப்பாக்கி வீரர் ஒருவர் ஓரிரு வாரத்தில் முடித்துவிடும் கணக்கு இது. சில ஆயிரம் ரவுண்டு போன பிறகுதான் ஸ்பிரிங் மாற்றுவதைப் பற்றியே தயாரிப்பாளர்கள் பேசுகிறார்கள். ஆக, சுட்டுச் சுட்டுத் தேய்ந்துபோன பிஸ்டல் நம் ஊரில் அபூர்வம். நம்முடையவை கிடந்து கெடுகின்றன.

கிடந்து கெடுவது எப்படி என்று கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று குமுளிக் கணவாய் வழியாகச் சாரலோடு இறங்கும்போது லோயர்கேம்ப் செக்போஸ்ட்டில் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். இடுப்பில் தோல் உறை. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பதனிடும்போது சேர்ந்த உப்பும் உடம்பின் வியர்வையும் அதில் உண்டு. அந்த உறைக்குள் இரவு முழுக்கப் பிஸ்டல் கிடந்தால் ஸ்லைடின் வெளிப்பக்கம் பளபளப்பாகத்தான் தெரியும். கழற்றிப் பார்த்தால்தான் உள்ளே தோட்டாவை அடிக்கும் ஊசி இருக்கும் பள்ளத்தில் பழுப்புத் தூள் தெரியும். யாரோ எப்போதோ போட்ட எண்ணெய் காய்ந்து அரக்கு மாதிரி பிடித்திருக்கும். போடிமெட்டு மூடுபனியிலும் இதே கதைதான்.

தோட்டாவின் நிலை இன்னும் மோசம். அதிகாரி ஒருவர் ட்யூட்டிக்குப் போகும்போது மேகஸினின் மேல் ரவுண்டைச் சேம்பரில் ஏற்றுகிறார், முடிந்து வந்ததும் இறக்குகிறார். மறுநாளும் அதே ரவுண்டு. ஒவ்வொரு தடவையும் குண்டு சேம்பர் வாயில் மோதி, தன் பித்தளைக் கூட்டுக்குள் மயிரிழை உள்ளே போகிறது. மாதக்கணக்கில் இப்படி ஏறி இறங்கிய ரவுண்டின் நீளம் பக்கத்து ரவுண்டைவிடக் குறைந்திருப்பது கண்ணுக்கே தெரியும். அதைச் சுட்டால் உள்ளே அழுத்தம் எகிறும். பித்தளையில் பச்சைக் களிம்பு பிடித்த ரவுண்டும், அக்கறையாக எண்ணெய் தடவப்பட்ட ரவுண்டும் உண்டு. அந்த எண்ணெய் அடிப்பக்க மருந்துக்குள் கசிந்தால் சுடும் நேரத்தில் 'டக்' என்ற சத்தம் மட்டும்தான் வரும். பழைய ரவுண்டைச் சுட்டுத் தீர்த்துப் புதியது வாங்கலாமே என்றால், நம் நடைமுறையில் ரவுண்டு என்பது பத்திரப்படுத்த வேண்டிய சொத்து. ஒன்று குறைந்தால் விளக்கம், விசாரணை. சுட்ட பிறகு காலிக் கூட்டைக்கூட எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கண்ணுக்கு அது வெடிக்குமா என்ற கேள்வி எழுவதில்லை.

1ஏ பிஸ்டலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பலமுறை அது பழி சுமந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். ஹை-பவர் வடிவத்தில் மேகஸின் முழுசாக உட்காராவிட்டால் ட்ரிகர் வேலை செய்யாது. பாதுகாப்புக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். உறை உரசி மேகஸின் பட்டன் லேசாக அமுங்கியிருந்தாலோ, ஏற்றும்போது உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டாமல் விட்டாலோ, சேம்பரில் ரவுண்டு இருந்தும் பிஸ்டல் சுடாது. பழகியவர் மேகஸினைத் தட்டிவிட்டு மறுபடி சுடுவார். பழகாதவர் "துப்பாக்கி சிக்கிடுச்சு" என்று எழுதிக் கொடுப்பார். அந்த அறிக்கையில் குற்றவாளி எப்போதும் துப்பாக்கிதான்.

புது வெளிநாட்டுத் துப்பாக்கி வந்தால் தீரும் என்பவர்களுக்கு அமெரிக்கா பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். வியட்நாம் போருக்கு எம்-16 ரைபிளைக் கொடுத்தபோது அது அன்றைய உலகத்தின் அதிநவீன ஆயுதம். இதைத் துடைக்கவே தேவையில்லை, தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் என்ற பேச்சு சிப்பாய்களிடம் பரவியிருந்தது. துடைக்கும் சாமான்கள் போதிய அளவில் போகவில்லை. தோட்டாவின் மருந்தையும் இடையில் மாற்றிவிட்டார்கள். ஈரக்காட்டில் ரைபிள்கள் சிக்கின, கையில் கழற்றிய துப்பாக்கியோடு சிப்பாய்கள் செத்துக் கிடந்தார்கள். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. சேம்பருக்குக் குரோமியப் பூச்சு கொடுத்து, துடைக்கும் சாமான்களைக் கையில் கொடுத்து, துடைக்கவும் கற்றுக்கொடுத்த பிறகு அதே ரைபிள் குடும்பம் அரை நூற்றாண்டுக்கு மேல் அவர்களுக்கு உழைத்துக்கொண்டிருக்கிறது. ஈராக்கில் அவர்களுடைய பெரெட்டா பிஸ்டல் சிக்கியபோது நோண்டிப் பார்த்தால், மேகஸினின் சொரசொரப்பான பூச்சில் மாவு போன்ற மணல் ஒட்டிக்கொண்டிருந்தது. பூச்சை மாற்றினார்கள். எல்லோரும் வாயில் போட்டு மெல்லும் கிளாக்கிலேயே நியூயார்க் போலீஸுக்கு 1990களில் சிக்கல் வந்தது, கம்பெனி திருத்திக் கொடுத்தது. சிக் சாவர் பி320 கீழே விழுந்தால் தானாகச் சுடக்கூடும் என்று வெளிப்பட்டு, 2017இல் பாகங்களை மாற்றித் தர அந்தக் கம்பெனி முன்வந்தது. அங்கே பிழை வெளியே தெரிந்ததற்குக் காரணம், அவர்கள் சுட்டுப் பார்க்கிறார்கள், சிக்கினால் எழுதி வைக்கிறார்கள். துருவுக்குக் கம்பெனி பெயர் தெரியாது. ஆஸ்திரியாவில் செய்த கிளாக்கும் இச்சாப்பூரில் செய்ததும் கவனிக்காத கையில் ஒன்றுதான்.

கையைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2022 டிசம்பரில் உத்தரப் பிரதேசத்தின் கலீலாபாத் காவல் நிலையத்தில் டி.ஐ.ஜி. ஆய்வுக்கு வந்தபோது, ஒரு எஸ்.ஐ. துப்பாக்கியின் முன்வாய் வழியாகத் தோட்டாவைப் போட்டுக் காட்டினார். அவர் கையில் எந்த நாட்டுப் பிஸ்டலைக் கொடுத்தால் என்ன? 26/11 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு விசாரித்த ராம் பிரதான் குழுவும், தோட்டாப் பற்றாக்குறையால் போலீஸாருக்குச் சுடும் பயிற்சி குறைந்துபோனதைக் குறிப்பிட்டது. நம் வீட்டு இழவு ஒன்றும் உண்டு. 2017 டிசம்பர் 13 அதிகாலை, சென்னைக் கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையர்களைப் பிடிக்க ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துக்குப் போன இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் குண்டு பாய்ந்து இறந்தார். கொள்ளையர் சுட்டதாகத்தான் முதலில் நம்பினோம். உடன் போன அதிகாரியின் கையிலிருந்த பிஸ்டல் தவறுதலாக வெடித்ததே காரணம் என்று ராஜஸ்தான் போலீஸ் சொன்னது. அந்தப் பிஸ்டல் சிக்கவில்லை, நன்றாகவே வெடித்தது. வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிப்பது பாதி நம்பகம்தான். வெடிக்கக் கூடாத நேரத்தில் அமைதியாக இருப்பது மறுபாதி. இருட்டில், சுவர் ஏறிக் குதிக்கிற அவசரத்தில், அந்த மறுபாதியைக் காப்பது விரலின் பழக்கம். அது கடையில் கிடைக்காது.

தேனி மாவட்டத்துக்கு இது வெறும் பேச்சு இல்லை. லோயர்கேம்ப், கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று கேரளத்துக்கு மூன்று மலைப்பாதைகள். கஞ்சா வேட்டைக்கு மலையேறுவது இங்கே வாடிக்கை. 2007இல் பெரியகுளம் முருகமலைக் காட்டில் மாவோயிஸ்ட் ஆயுதப் பயிற்சி முகாம் பிடிபட்டது. இதே போன்ற ஓர் எல்லைச் செக்போஸ்ட்டில், களியக்காவிளையில், 2020 ஜனவரி 8 இரவு சிறப்பு எஸ்.ஐ. வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். உடனே செக்போஸ்ட்டில் நிற்பவர்களுக்குத் துப்பாக்கி கொடுங்கள் என்ற குரல் எழுந்தது. கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை ரேஞ்சுக்குப் போய்க் கடமைக்குச் சுட்டு வருகிறவரின் இடுப்பில் கட்டிவிட்டால், எதிரே வருபவனுக்கு ஒரு துப்பாக்கி கூடுதலாகக் கிடைக்க வழி செய்தவர்களாவோம். அங்கே கூடை சுமந்து நடக்கும் ஏலத்தோட்டத் தொழிலாளிக்கும் அந்தத் துப்பாக்கி ஆபத்துதான். தன் ஆயுதத்தை நம்பாதவர்தான் பதறிச் சுடுகிறார். துப்பாக்கி உறையை விட்டு வெளியே வராத நாளே போலீஸுக்கும் நமக்கும் நல்ல நாள் என்று நினைப்பவன் நான். அதனாலேயே அது யார் கையில், எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

காவல்துறை நவீனமயத்துக்கென்று மத்திய அரசின் திட்டம் 1969-70 முதல் இருக்கிறது. வாங்கியதற்குப் படம் எடுத்து வெளியிடலாம், அமைச்சர் கையால் கொடுக்கலாம். பத்து ரூபாய் ஸ்பிரிங்கை மாற்றியதற்கு யாரும் விழா எடுப்பதில்லை. ஆயுதப்படையில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊசிப் பள்ளத்தைத் துடைக்கும் ஆர்மரரின் பெயர் எந்தச் செய்தியிலும் வருவதில்லை. ஒரு பிஸ்டல் உண்மையில் வெடிப்பது அவரால்தான்.

ஆண்டிபட்டி, பெரியகுளம், போடிநாயக்கனூர், கம்பம் ஆகிய நான்கு தொகுதி எம்.எல்.ஏ.க்களுக்கும் என் வேண்டுகோள் இது. அடுத்த முறை காவல்துறை மானியக் கோரிக்கை வரும்போது எத்தனை பிஸ்டல் வாங்கினீர்கள் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு பிஸ்டலுக்கும் எத்தனை ரவுண்டு சுட்டது, எங்கே சிக்கியது, எப்போது ஸ்பிரிங் மாறியது என்று எழுதும் நோட்டு உண்டா என்று கேளுங்கள். நாள்பட்ட தோட்டாவைப் பயிற்சியில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியது கொடுக்க உத்தரவு போடச் சொல்லுங்கள். லோயர்கேம்ப்பில் மழையில் நிற்பவர் கடைசியாக எந்தத் தேதியில், தன் இடுப்பில் இருக்கும் அதே பிஸ்டலால், எத்தனை ரவுண்டு சுட்டார் என்ற பதிலை வாங்காமல் உட்காராதீர்கள்.